பிரேக் பிடிக்கவே இல்லை என்றது லேப்டாப்

போன வருஷம் பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் நான் வேலை பார்க்கும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் கடையின் சர்வீஸ் ஷெட்டில் நடந்தது இது.

என்னைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வராது. அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், வேலை பார்த்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவும் முடித்தேன். எங்கள் ஷெட்டில் ஸ்பேனர் பிடிக்கும் ஒரே பெண் நான்தான். வண்டி கொண்டுவருகிறவர்கள் என்னிடமே வந்து, "மெக்கானிக் எங்கம்மா?" என்று கேட்பார்கள். நான் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கத்தில் போய் உட்காருவேன். அப்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

அன்று காலை ஒரு லோடு ஆட்டோவில் நீல ஸ்கூட்டர் ஒன்று வந்து இறங்கியது. முன்பக்கம் நொறுங்கியிருந்தது. சக்கர இடுக்கிலெல்லாம் மக்காச்சோளம். ஆட்டோவின் பின்னாலேயே பஸ்ஸில் வந்து இறங்கினார் வண்டிக்குச் சொந்தக்கார அக்கா. விளாத்திகுளம் போகிற வழியில் ஒரு கிராமம் அவருக்கு. இட்லி மாவு ஆட்டி, பாக்கெட் போட்டு, ஏழெட்டு ஊர்க் கடைகளுக்கு இந்த வண்டியில்தான் கொண்டுபோய்ப் போடுவார். வீட்டுக்காரர் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். வண்டி ஓடினால்தான் அந்த வீட்டில் எல்லாமே ஓடும்.

முந்தாநாள் காலை மாவு போட்டுவிட்டு ஊருக்குள் வந்திருக்கிறார். மெயின் ரோட்டிலிருந்து அவர் தெருவுக்கு இடது பக்கமாக ஒடித்துத் திருப்ப வேண்டும். திருப்பிய நொடியில் வண்டி விருட்டென்று பாய்ந்துவிட்டது. தெருவில் பாதியை அடைத்து மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். அதைக் கிளறிக்கொண்டிருந்த விவசாயி ஒருவரை, எங்கள் பக்கத்துப் பேச்சில் சம்சாரியை, இடித்துத் தள்ளிவிட்டு, சோளக் குவியலுக்குள் புகுந்து, சுவரில் மோதிச் சாய்ந்தது. சாய்ந்த பிறகும் பின்சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். யாரோ ஓடிவந்துதான் சாவியைத் திருப்பினார்கள். சம்சாரிக்கு இடது கை முறிந்துபோனது.

"ரெண்டு பிரேக்கையும் உசுரக் குடுத்துப் பிடிச்சேன் தாயி. நிக்கலையே!" என்று அக்கா அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஊர் அதை நம்பவில்லை. பொம்பளைக்கு எதற்கு வண்டி என்று ஒரே பேச்சு. கடைசியில் ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, கேஸ் வேண்டாம், போலீஸ் ஸ்டேஷனில் வைத்து எழுதிக் கொடுத்தால் போதும் என்று முடிவுசெய்திருந்தார்கள். தன்னுடைய கவனக்குறைவால்தான் விபத்து நடந்தது, இனிமேல் வண்டி ஓட்டமாட்டேன் என்று அக்கா எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா எங்கள் ஷெட்டுக்கு வந்ததற்கு மறுநாள் காலை பத்து மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள்.

எங்கள் சீனியர் மெக்கானிக் அண்ணன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னார்: "பதட்டத்துல பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர முறுக்கியிருப்பாவ. வேற என்ன?"

எனக்குக் கோபம் வந்தது. "ஆம்பளையாளு முறுக்கினா வண்டி ரிப்பேரு, பொம்பளையாளு முறுக்கினா பதட்டமோ?" என்றேன்.

"ஆத்தாடி, வாயப் பாரு!" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

ஆள் அடிபட்ட விஷயம் என்பதால், அக்கா போனில் சொன்னதுமே முதலாளி அண்ணாச்சி முந்தைய நாளே வண்டிக் கம்பெனிக்குத் தகவல் சொல்லியிருந்தார். மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். சின்ன வயசுதான், மரியாதையாகப் பேசினார். வண்டியில் லேப்டாப்பை இணைத்தார். இந்த வண்டிகளுக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டர் உண்டு. எவ்வளவு வேகம், ஆக்ஸிலேட்டர் எவ்வளவு முறுக்கப்பட்டது, பிரேக் பிடித்தார்களா என்பதையெல்லாம் அது நொடிக்கு நொடி குறித்து வைத்துக்கொள்ளும். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம்.

"விபத்து நேரத்துல ஆக்ஸிலேட்டர் நூறு சதவீதம் இருக்கு. பிரேக் பூஜ்யம். பிடிக்கவே இல்லை" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க மேடம். மெஷின் பொய் சொல்லாது" என்றார்.

அக்கா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. அதைவிட மோசமான ஒன்று நடந்தது. இரண்டு நாளாக ஊர் முழுக்கச் சொல்லியும் நம்பாதவர், அந்த லேப்டாப்பைப் பார்த்துவிட்டு நம்பிவிட்டார்.

"கம்பியூட்டரே சொல்லுதுன்னா... அப்ப நான்தான் என்னமோ செஞ்சிருக்கேன் போல. பிடிச்ச மாதிரிதான் எனக்கு இருக்கு. பரவால்ல, நாளைக்கு எழுதிக் குடுத்துருதேன்."

எனக்கோ "பிரேக் பூஜ்யம்" என்று காதில் விழுந்ததுமே நான் செய்த ஒரு வேலை ஞாபகத்துக்கு வந்தது. அது ஏன் பூஜ்யம் என்று அந்த ஷெட்டில் சரியாகத் தெரிந்த ஆள் நான்தான்.

எங்கள் பக்கத்துக் கரிசல் மண்ணை மழைக்காலத்தில் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். கால் வைத்தால் செருப்போடு பிடித்துக்கொள்ளும். கார்த்திகை மழையில் அந்தச் சேறு சக்கரத்தடியில் போய் அப்பி, பிரேக் கம்பியோடு சேர்ந்து இறுகிவிடும். அப்புறம் பிரேக்கை விட்டாலும் அந்தக் கம்பி முழுதாகத் திரும்பாது. பிரேக் கைப்பிடி ஒரு நெல் அளவு உள்ளேயே நிற்கும். எலக்ட்ரிக் வண்டியில் பிரேக் பிடித்தால் மோட்டாருக்குப் போகும் கரண்ட் நின்றுவிட வேண்டும் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. கைப்பிடி அந்த ஒரு நெல் அளவு உள்ளே இருந்தாலே, இன்னும் பிரேக் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்து வண்டி நகராமல் நின்றுவிடும். சேற்றுப் பாதையில், பாரத்தோடு, நட்டநடுக் காட்டில் நின்றுவிடும். மழைக்காலம் முழுக்க எங்களுக்கு இதே புகார்தான்.

அதற்கு எங்கள் ஷெட்டில் ஒரு வைத்தியம் வைத்திருந்தோம். பிரேக்கிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் வயரைக் கழற்றிவிடுவோம். அப்புறம் எவ்வளவு சேறு அப்பினாலும் வண்டி நிற்காது. பின்னால் பிரேக் விளக்கு எரியாது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கம்பெனி இதைச் செய்யக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தது. ஆனால் கரிசல் காட்டுக்குள் வண்டி ஓட்டிப் பார்க்காதவர்களுக்கு என்ன தெரியும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். இந்த அக்காவும் கார்த்திகையில் வந்து, மாவு புளித்துப்போகிறது, எப்படியாவது செய்து கொடு என்று கெஞ்சினார். ஐந்தே நிமிஷத்தில் கழற்றிக் கொடுத்தேன். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கு முழுக்க எனக்கு அதில் பெருமை வேறு.

நான் ஷெட்டின் பின்பக்கம் குழாயடிக்குப் போய் நின்றேன். மறைக்காமல் சொல்கிறேன்: வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. செய்த வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் அதை எழுதவில்லை. அக்காவுக்கும் என்ன கழற்றினேன் என்று தெரியாது. சொன்னால் வேலை போகும். இந்த வேலை வேண்டாம் என்று சொல்லாத சொந்தக்காரர் எங்கள் தெருவில் கிடையாது. பொட்டப்பிள்ளை கிரீஸ் கையோடு வருகிறது என்று பேசிய வாய்களுக்கெல்லாம் நானே அவல் போட்டது மாதிரி ஆகிவிடும்.

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன். அக்கா தரையில் உட்கார்ந்து, வண்டிச் சக்கரத்தில் சிக்கியிருந்த சோளத்தை ஒவ்வொன்றாக நோண்டி எடுத்துச் சேலை முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சம்சாரியிடம் திருப்பிக் கொடுக்கவாம். அப்போதுதான் அவர் விரல்களைப் பார்த்தேன். இரண்டு கையிலும் நான்கு விரல்களுக்குக் குறுக்கே நேர்கோடாக நீலம் பாய்ந்திருந்தது. பிரேக் கைப்பிடியின் அகலம் அப்படியே பதிந்திருந்தது. பிரேக் பிடிக்காத கையில் அந்தக் கோடு எப்படி வரும்?

நேராக இன்ஜினியரிடம் போனேன். "சார், பிரேக் பூஜ்யம்னு வந்ததுக்குக் காரணம் நான். அந்த வயரைக் கழட்டினது என் கை" என்றேன்.

அண்ணாச்சிதான் முதலில் எழுந்தார்.

"ஏ பிள்ள, என்ன சொல்லுத நீ? யாரக் கேட்டுக் கழட்டுன? கடைய இழுத்து மூட வச்சிருவ போலயே!"

நான் தலையைக் குனியவில்லை. அப்போது சீனியர் அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார். "அண்ணாச்சி, அவளுக்கு அதச் சொல்லிக் குடுத்ததே நான்தான். ஏசுறதுன்னா ரெண்டு பேரையும் சேர்த்து ஏசுங்க" என்றார். அவரிடமிருந்து நான் அதை எதிர்பார்க்கவில்லை.

இன்ஜினியர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "சரி, பிரேக் கணக்கு தப்புன்னு ஒத்துக்கிறேன். ஆனா ஆக்ஸிலேட்டர் நூறுன்னு வந்திருக்கே? அதை யாரும் கழட்டலையே? கை முறுக்காம அது எப்படி வரும்?" என்றார். நாலு மணிக்கு அவர் கிளம்ப வேண்டும். அதற்குள் காரணம் கிடைக்காவிட்டால், ஓட்டியவர் முறுக்கியதுதான் என்று ரிப்போர்ட் போய்விடும்.

"நான் கண்டுபிடிக்கேன் சார்" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தினேன். பின்சக்கரம் அந்தரத்தில் நின்றது. முறுக்கிப் பார்த்தேன், விட்டுப் பார்த்தேன், மீட்டர் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொரு வயராக ஆட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. மணி இரண்டாகிவிட்டது. சாப்பிடவில்லை. சீனியர் அண்ணன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாலிடெக்னிக்ல இதுக்குப் பாடம் இல்லியோ?" என்றார். கேலிதான். ஆனால் அந்தக் கேலி எனக்கு உதவியது. பாடத்தில் இல்லை என்றால் யாரிடம் கேட்க வேண்டும்? வண்டியில் இருந்த ஆளிடம்தானே? காலையிலிருந்து எல்லோரும் லேப்டாப்பைக் கேட்டோம். அக்காவைக் கேட்டோமே தவிர, வண்டியில் உட்காரவைத்துக் கேட்கவில்லை.

"அக்கா, ஏறி உட்காருங்க. அன்னைக்கு எப்படி வந்தீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றேன்.

பயந்து பயந்துதான் ஏறினார். சாவியைப் போட்டேன். "இப்படி வாரேன்... ஆரன் அடிக்கேன்... இங்கன வந்ததும் பிரேக்கப் பிடிச்சிக்கிட்டே இப்படி ஒடிச்சுத் திருப்புனேன்" என்று ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுதாகத் திருப்பினார்.

பின்சக்கரம் அலறியது.

சுற்றி நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். அக்கா வீரிட்டுக் கத்தினார். அவருடைய இரண்டு கையும் பிரேக்கில்தான் இருந்தன. ஹேண்டில்பார் நேரானதும் சத்தம் அடங்கியது.

"இறங்காதீங்க அக்கா! மறுபடியும் திருப்புங்க!" என்று நான் கத்தினேன்.

திருப்பினார். மறுபடியும் அலறியது. இன்ஜினியர் ஓடிப்போய் லேப்டாப்பைப் பார்த்தார். ஆக்ஸிலேட்டர் நூறு. அக்காவை இறக்கிவிட்டேன். யார் கையும் ஹேண்டில்பாரில் படாமல், முன்சக்கரத்தை என் காலால் தள்ளித் திருப்பினேன். அப்போதும் நூறு. அண்ணாச்சி நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள மூடியைத் திறந்தோம். ஆக்ஸிலேட்டரிலிருந்து மூன்று மெல்லிய வயர்கள் வரும். அதில் கறுப்பு வயர் வெளியே முழுசாக இருந்தது. ஆனால் நீளம் போதாமல், ஹேண்டில்பாரைத் திருப்பும்போதெல்லாம் விண்ணென்று இழுபட்டிருக்கிறது. மேல்தோலைக் கீறிப் பார்த்தால் உள்ளே செம்புக் கம்பி அறுந்திருந்தது. நேராக இருந்தால் இரண்டு நுனியும் தொட்டுக்கொள்ளும். இடது பக்கம் ஒடித்தால் விலகிவிடும். அந்தக் கறுப்பு வயர் விட்டுப்போனால், ஆக்ஸிலேட்டரை முழுசாக முறுக்கியிருப்பதாகவே கம்ப்யூட்டருக்குத் தகவல் போகும். இது கோளாறு என்று தெரிந்துகொண்டு நிற்கும் புத்தியை அந்த வண்டிக்கு வைக்கவில்லை. வயர் என்ன சொன்னதோ அதைத்தான் லேப்டாப் காட்டியது. கை என்ன செய்தது என்று அதற்குத் தெரியவே தெரியாது.

இன்ஜினியர் லேசில் விடவில்லை. "சுவர்ல மோதினப்ப அறுந்திருக்கலாமே?" என்றார். நியாயமான கேள்விதான். நான் புது வயர் ஒன்றை எடுத்து அவர் முன்னாலேயே வெட்டிப் பக்கத்தில் வைத்தேன். புதுச் செம்பு பளபளவென்று இருந்தது. வண்டியிலிருந்த செம்பு நுனி பச்சை பூத்துக் கறுத்திருந்தது. "ரெண்டு நாள்ல இப்படி ஆகாது சார். இது அறுந்து பல நாள் ஆச்சு" என்றேன். அவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, "நீங்க சொல்றது சரி மேடம்" என்றார். என்னை யாரும் அதுவரை மேடம் என்று சொன்னதில்லை.

அப்படியே முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் இன்னொன்றும் செய்யச் சொன்னார். நான் கார்த்திகையில் கழற்றிய பிரேக் வயரை மறுபடி மாட்டச் சொன்னார். மாட்டினேன். ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பினேன். சக்கரம் அலறியது. ஒற்றை விரலால் பிரேக்கைத் தொட்டேன். சட்டென்று நின்றுவிட்டது.

மோட்டார் முழு வேகத்தில் இழுக்கும்போது சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் மட்டும் போதாது, கரண்டும் நிற்க வேண்டும். கறுப்பு வயர் அறுந்தது என் தப்பு இல்லை. ஆனால் அறுந்தாலும் காப்பாற்றட்டும் என்று வைத்திருந்ததை எடுத்துப் போட்டது நான். அந்தச் சம்சாரியின் கை முறிந்ததில் என் கைக்கும் பங்கு இருக்கிறது. அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

அக்கா என்னை முறைத்துப் பார்த்தார். "ஏட்டி, ஒன்னைய நாலு சாத்து சாத்தணும் போல இருக்கு" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கழட்டிக் குடுன்னு கெஞ்சுனவளும் நான்தானே. ஆனா நீ மட்டும் இன்னைக்கு வாயத் தெறக்கலன்னா, நானே என்னையக் கிறுக்கின்னு நம்பியிருப்பேம்ட்டி."

மறுநாள் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு அக்காவோடு நானும் போனேன். அண்ணாச்சியும் தானாகவே வந்தார். இன்ஜினியர் எழுதிய ரிப்போர்ட், அந்தக் கறுப்பு வயர், என் மல்டிமீட்டர் மூன்றையும் இன்ஸ்பெக்டர் மேஜையில் வைத்து, எப்படி நடந்தது என்று நானே விளக்கினேன். ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ஷெட்டில் பேசுவது மாதிரியே பேசினேன்.

"பிரேக் வயரைக் கழட்டினது யாரு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நான்தான் சார். அதையும் எழுதிக்கங்க" என்றேன். எழுதினார். அதன் கீழே என் பெயரைத் தெளிவாகக் கையெழுத்திட்டேன்.

கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த சம்சாரி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப கிறுக்குப் பிடிச்சது வண்டிக்குத்தானா? நாங்க பாவம் இவளயில்லா ஏசிட்டிருந்தோம்!" ஸ்டேஷனே சிரித்தது. "இந்தக் கை சரியாகுத வரைக்கும் எங்க வீட்டுக்கு மாவு நீதான் கொண்டாந்து போடணும், கேட்டியா? வண்டியிலேயே வா" என்றார் அக்காவிடம். அதற்குப் பிறகு அந்தத் தாளில் இனி வண்டி ஓட்டமாட்டேன் என்று எழுத வேண்டிய வேலை யாருக்கும் இருக்கவில்லை.

என் வேலை போகவில்லை. ஒரு வாரம் அண்ணாச்சி என்னோடு சரியாகப் பேசவில்லை, அவ்வளவுதான். அந்த வாரத்திலேயே நானும் சீனியர் அண்ணனும் நாங்கள் வயர் கழற்றிய வண்டிகளையெல்லாம் ஞாபகப்படுத்தி, ஊர் ஊராகப் போய் மறுபடி மாட்டினோம். "நல்லா ஓடுத வண்டிய ஏன் கெடுக்குதீங்க?" என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. அப்படியானால் சேற்றுக்கு என்ன வழி? பழைய சைக்கிள் ட்யூப்பை வெட்டி, பிரேக் கம்பியின் அடியில் சேறு போகாதபடி ஒரு உறை தைத்தேன். மூன்று தடவை கிழிந்தது. நான்காவது தடவை நின்றது. போன கார்த்திகை மழையில் அந்த உறை போட்ட வண்டி ஒன்றுகூடக் காட்டில் நிற்கவில்லை. கம்பெனியும் அந்தக் கறுப்பு வயரை நீளமாக்கி அனுப்பியது. இன்ஜினியரே போன் பண்ணிச் சொன்னார்.

இப்போதும் டீக்கடையிலோ பஸ்ஸிலோ, இந்த மாதிரி வண்டி தானாகப் பாய்ந்ததற்கு ஓட்டியவர் காரணமா எலக்ட்ரானிக்ஸ் காரணமா என்று பேச்சு வந்தால் என் காது தானாக அங்கே போய்விடுகிறது. ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால், அந்த வண்டியைக் கடைசியாகத் திறந்து மூடியவர் யார் என்றுதான் நான் கேட்கிறேன். அது நானாகவே இருந்தாலும் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு உண்டு என்பதைத்தான் என் படிப்பு தந்த பெரிய பட்டமாக நினைக்கிறேன்.